யார் விரலில் சரிபார்த்தீங்க?



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கவிதைப் பக்கங்கள் ஏற்கெனவே நிரம்பி வழிகின்றனவாம்! சரி, ஆறாவது செமஸ்டர் ப்ராஜெக்ட்டில் நாங்கள் பட்ட பாட்டையும், அதன் வால் பிடித்துப் போய் நான் படித்துத் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். விஷயம் அமெரிக்காவில் நடந்தது. ஆனால் ஆரம்பம் நம்ம லேப்தான்.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து பல்ஸ் ஆக்சிமீட்டர் செய்தோம். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவி. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு பார்த்திருப்பீர்கள். மேக்ஸ்30102 சென்சார், ஆர்டுயினோ போர்டு, ஒரு எல்.சி.டி. டிஸ்ப்ளே, அவ்வளவுதான் செலவு. லேபில் எங்கள் விரல்களை மாற்றி மாற்றி வைத்து, கடையில் வாங்கின மீட்டரோடு ஒப்பிட்டு, புரோகிராமில் எண்களைத் திருத்தினோம். 97, 98 என்று அழகாக வந்தது. ஒரே குஷி!

சனிக்கிழமை அதை ஊருக்கு எடுத்துப் போனேன். எங்க அப்பாயிக்கு 74 வயசு. நாத்து நட்டு, களை பறித்துக் காய்த்துப் போன விரல். வைத்தேன். 84 காட்டியது. பயந்துபோய் மறுபடி வைத்தேன். 91. மறுபடி வைத்தால் ரீடிங்கே இல்லை, வெறும் கோடு! அப்பாயி நன்றாகத்தான் இருந்தார். கடை மீட்டரில் கையைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டு வைத்தால் 96. "என்னடா தம்பி, உன் மிஷினு என்னைய ஒரு ஆளாவே மதிக்கலையா?" என்று சிரித்தார்.

திங்கட்கிழமை கைடு சாரிடம் சொன்னோம். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"யார் விரலில் சரிபார்த்தீங்க?"

"எங்க விரல்லதான் சார்."

"உங்க நாலு பேருக்கும் என்ன வயசு?"

"பத்தொன்பது சார்."

"அப்ப 'இது பத்தொன்பது வயசுப் பையன்களுக்கு மட்டும்'னு ஒரு போர்டு எழுதி ஒட்டிடுங்க."

லேபே சிரித்தது. அப்புறம் சார் எங்களுக்கு ஒரு கட்டுரையின் பிரிண்ட் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அதில் ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

மீட்டர் பொய் சொல்லுமா?

ஆக்சிமீட்டரின் தத்துவம் எளிமையானது. 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அயோயாகி கண்டுபிடித்தது. விரலின் ஒரு பக்கம் இரண்டு எல்.இ.டி.கள். ஒன்று சிவப்பு, சுமார் 660 நானோமீட்டர். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, சுமார் 940 நானோமீட்டர். மறுபக்கம் ஒரு போட்டோ டயோடு. ஆக்சிஜன் ஏறின ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரண்டு ஒளியையும் வேறு வேறு அளவில் விழுங்கும். வந்து சேர்ந்த ஒளியின் விகிதத்தைக் கணக்குப் போட்டால் ஆக்சிஜன் சதவீதம் கிடைத்துவிடும்.

ஆனால் "இந்த விகிதத்துக்கு இந்தச் சதவீதம்" என்கிற அட்டவணை எங்கிருந்து வருகிறது? ஆரோக்கியமான சில ஆட்களை உட்கார வைத்து, அவர்கள் சுவாசிக்கும் ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அதே நேரம் ரத்தத்தையும் எடுத்துச் சோதித்து எழுதுகிறார்கள். ஆக, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் யார் என்பதுதான் மீட்டரின் ஜாதகம்! தோலில் உள்ள மெலனின் நிறமியும் ஒளியை விழுங்கும். உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைத் தோல்காரர்களாக இருந்தால்?

2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. மீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் ரத்தத்தை நேரடியாகச் சோதித்தபோது, உண்மையில் 88-க்கும் கீழே போயிருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு! மூச்சுக்குத் திணறும் ஒருவரைப் பார்த்து மீட்டர் "நல்லாத்தான் இருக்காரு" என்று சொல்லியிருக்கிறது.

இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. கறுப்பின நோயாளிகளிடம் இந்தக் கருவி தவறு காட்டுகிறது என்று 1990-லேயே ஒரு ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. 2005-லும் வந்தது. அமெரிக்காவின் மருந்து மற்றும் கருவிகளுக்கான கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் வகுத்த நெறியில்கூட, 10 பேரை வைத்துச் சோதித்தால் அதில் கறுத்த தோல்காரர் 2 பேர் இருந்தால் போதும். தெரிந்தே 30 வருஷம் ஓடிவிட்டது. கருவி தெரிந்தவர்கள் இல்லாமல் போகவில்லை. "இது என் ஆட்களுக்கு ஏன் தப்பாகக் காட்டுகிறது?" என்று விடாமல் கேட்கிற இடத்தில் போதுமான ஆட்கள் இல்லை.

முதலாண்டு பிசிக்ஸ் லேபில் வெர்னியர் காலிப்பரை எடுத்ததும் முதலில் ஜீரோ எரர் பார்க்கச் சொல்வார்கள், ஞாபகம் இருக்கிறதா? மனிதர்களை அளக்கும் ஆராய்ச்சிக்கும் ஜீரோ எரர் உண்டு. அதை யார் பார்ப்பது? முதுமையைப் பற்றிய ஆராய்ச்சியில் இந்தக் கேள்வி இன்னும் பெரிதாகிறது.

ஞாபக சக்திக்கு மார்க்

அமெரிக்காவில் சிறுபான்மையினர் என்றால் கறுப்பின மக்கள், ஸ்பானிய மொழி பேசும் லத்தீன் அமெரிக்க வழியினர், நம் பழைய பாடப்புத்தகங்கள் செவ்விந்தியர் என்று சொன்ன பூர்வகுடிகள், ஆசிய வழியினர் எல்லோரும் அடக்கம். அங்கே முதியவர்களில் அல்சைமர் போன்ற மறதி நோய்கள் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு, லத்தீன் வழியினருக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் மருந்துச் சோதனைகளில் கலந்துகொள்பவர்களில் இவர்கள் எண்ணிக்கை மிகக் குறைவு. நோய் அதிகம் உள்ள இடத்தில் ஆராய்ச்சி குறைவு!

சரி, மறதியை எப்படி அளக்கிறார்கள்? 1975-ல் வந்த ஒரு தேர்வு உலகம் முழுக்கப் பிரபலம். மொத்தம் 30 மார்க். இன்றைக்கு என்ன தேதி, 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள், இந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லுங்கள் என்பது மாதிரிக் கேள்விகள். பள்ளிக்கூடமே சரியாகப் போகாத ஒருவரிடம் ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால், அவர் தடுமாறுவது மறதியாலா, கணக்குச் சொல்லித் தராததாலா?

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் மேன்லி இந்தக் கேள்வியைத்தான் கையில் எடுத்தார். நியூயார்க் நகரின் வடக்கு மன்ஹாட்டனில் கறுப்பினத்தவர், ஸ்பானிய மொழிக்காரர், வெள்ளையர் என எல்லா முதியவர்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்துவரும் ஆய்வு அது. அங்குள்ள கறுப்பின முதியவர்கள் பலர் தென் மாநிலங்களில் பிறந்து, நிறம் பார்த்துப் பிரித்து வைத்த பள்ளிகளில் படித்தவர்கள். அந்தப் பிரிவினை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 1954-ல்தான். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்குப் பணமும் குறைவு, பல ஊர்களில் பள்ளி நடந்த நாட்களும் குறைவு. ஆக "எட்டாம் வகுப்பு" என்று இரண்டு பேர் பாரத்தில் எழுதினாலும் இரண்டு எட்டாம் வகுப்பும் ஒன்றல்ல.

மேன்லி குழுவினர் படித்த வருஷங்களை மட்டும் பார்க்காமல் வாசிக்கும் திறனை அளந்து கணக்கில் சேர்த்தார்கள். 2002-ல் வெளியான முடிவு: கறுப்பின முதியவர்களுக்கும் வெள்ளை முதியவர்களுக்கும் இடையே இருந்த மார்க் வித்தியாசம் பல தேர்வுகளில் வெகுவாகக் குறைந்துபோனது. அதுவரை மூளையின் வித்தியாசம் என்று எண்ணப்பட்டதில் ஒரு நல்ல பங்கு பள்ளிக்கூடத்தின் வித்தியாசம்! யோசித்துப் பாருங்கள், ஆரோக்கியமான ஒரு பெரியவருக்கு "மறதி நோய்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் அந்தக் குடும்பம் என்ன பாடுபடும்?

"டெஸ்ட் பண்றோம்னு சொல்லி..."

"மருந்துச் சோதனைக்குக் கூப்பிட்டாலும் அவங்க வரமாட்டேங்கறாங்களே" என்று அங்கே சொல்வது உண்டு. வராததற்குக் காரணம் இருக்கிறது.

1932-ல் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை அலபாமா மாநிலத்தின் மேக்கன் மாவட்டத்தில் ஏழைக் கறுப்பின விவசாயிகள் 600 பேரைச் சேர்த்தது. 399 பேருக்கு சிபிலிஸ் என்ற மேகநோய், 201 பேருக்கு இல்லை. "கெட்ட ரத்தத்துக்கு வைத்தியம்" என்று சொன்னார்களே தவிர உண்மையான வைத்தியம் செய்யவில்லை. வைத்தியம் செய்யாவிட்டால் நோய் எப்படி முற்றும் என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி! 1940-களில் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. 1972-ல் பத்திரிகைகளில் வெளியான பின்தான் நிறுத்தினார்கள். 40 வருஷம்! 1997-ல்தான் ஜனாதிபதி கிளின்டன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். டஸ்கீகி ஆய்வு என்பது இதன் பெயர்.

அந்த ஊர்க் கதையை இளவயதில் கேட்டவர்கள்தான் இன்று 70, 80 வயதுக்காரர்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து "ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றால் எப்படிப் போடுவார்கள்?

அனுபவம் இருந்தாத்தான் வேலை... வேலை கிடைச்சாத்தான் அனுபவம்

அப்படியானால் அந்தச் சமூகங்களிலிருந்தே ஆராய்ச்சியாளர்கள் நிறையப் பேர் வரவேண்டியதுதானே? அங்கேதான் அடுத்த முட்டுக்கட்டை.

அமெரிக்காவில் மருத்துவ ஆராய்ச்சிக்குப் பெரும்பணம் என்.ஐ.ஹெச். எனப்படும் அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களிலிருந்து வருகிறது. ஆராய்ச்சியாளர் திட்டம் எழுதி அனுப்ப வேண்டும். துறை வல்லுநர்கள் படித்து மார்க் போடுவார்கள். நல்ல மார்க் வாங்கினால் மானியம். அந்த மார்க் வாங்க, "முன்னோட்டமாக இதைச் செய்து பார்த்தேன், இந்த முடிவு வந்தது" என்று காட்ட வேண்டும். முன்னோட்டம் செய்யப் பணம் வேண்டும். பணத்துக்கு மானியம் வேண்டும். நம்ம கதைதான்! எந்த கம்பெனி வாசலில் போய் நின்றாலும் "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா தம்பி?" வேலை கொடுத்தால்தானே எக்ஸ்பீரியன்ஸ்?

2011-ல் பொருளாதாரப் பேராசிரியர் டோனா ஜின்தரும் அவர் குழுவினரும் என்.ஐ.ஹெச். விண்ணப்பங்களை ஆராய்ந்தார்கள். படிப்பு, பயிற்சி, வெளியிட்ட கட்டுரைகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், வெள்ளையரைவிடக் கறுப்பின ஆராய்ச்சியாளருக்கு மானியம் கிடைக்கும் வாய்ப்பு 10 சதவீதப் புள்ளிகள் குறைவு. 2019-ல் வந்த இன்னொரு ஆய்வு ஒரு காரணத்தைக் காட்டியது. கறுப்பின ஆராய்ச்சியாளர்கள் அதிகம் தேர்ந்தெடுப்பது மக்களின் உடல்நலம், சமூகச் சூழல் மாதிரித் தலைப்புகளை. அந்தத் தலைப்புகளுக்கே மானியம் குறைவாகக் கிடைக்கிறது. மொத்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இதனால் மட்டும்! அதாவது, எந்தக் கேள்வியைக் கேட்க அவர் வந்தாரோ அந்தக் கேள்வியே அவருக்குத் தடை.

அப்ரண்டிஸ் முறை

இந்த முடிச்சை அவிழ்க்க 1997-ல் என்.ஐ.ஹெச்.-இன் கீழுள்ள தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் ஒரு வேலை செய்தது. சிறுபான்மையினர் முதுமை ஆய்வுக்கான ஆதார மையங்களைப் பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இவை செய்த வேலையை நம் பாஷையில் சொன்னால் அப்ரண்டிஸ் பயிற்சி.

முதலாவது, இளம் ஆராய்ச்சியாளருக்குச் சின்னதாக ஒரு முன்னோட்ட மானியம். பெரிய மானியத்துக்குக் காட்ட வேண்டிய எக்ஸ்பீரியன்ஸ் கைக்கு வந்துவிடும். இரண்டாவது, கூடவே உட்கார்ந்து விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுக்க அனுபவசாலி ஒருவர். மூன்றாவது, அளவுகோல்களைச் சரிபார்ப்பது. கேள்வித்தாளை மொழிபெயர்த்தால் போதுமா, அந்த மக்களுக்கு அந்தக் கேள்வி அதே அர்த்தத்தில்தான் படுகிறதா என்று பார்ப்பது. நான்காவது, முதியவர்களோடு நேரடித் தொடர்பு.

மிச்சிகனில் இதை நடத்தியவர் ஜேம்ஸ் ஜாக்சன் என்ற கறுப்பின உளவியல் பேராசிரியர். 1979-80-ல் அமெரிக்கா முழுவதும் 2,107 கறுப்பினப் பெரியவர்களிடம் கணக்கெடுத்தவர். அதற்கு முன் பொதுக் கணக்கெடுப்புகளில் கறுப்பினத்தவர் ஊறுகாய் மாதிரி ஒரு ஓரத்தில்தான் இருப்பார்கள். ஜாக்சன் குழு கேள்விகளை முதலில் அந்த மக்களிடமே பேசிப் பார்த்துச் செதுக்கியது. கறுப்பினப் பேட்டியாளர்களையே பயிற்சி கொடுத்து அனுப்பியது. 2020-ல் அவர் காலமானார். அவரிடம் பயின்றவர்கள் இன்று பல பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி செய்கிறார்கள்.

டெட்ராய்ட் நகரில் அந்த மையம் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஆய்வில் கலந்துகொள்ளச் சம்மதிக்கும் கறுப்பின முதியவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று வைத்தார்கள். அதைப் பயன்படுத்த வருகிற ஆராய்ச்சியாளர், முதியவர்கள் அடங்கிய ஆலோசனைக் குழுவின் முன் போய் நிற்க வேண்டும். "எதுக்கு வந்திருக்கீங்க? எங்களுக்கு என்ன பயன்? முடிவை எங்களுக்குச் சொல்லுவீங்களா?" நமக்கு எக்ஸ்டெர்னல் எடுக்கிற வைவா மாதிரி, பேராசிரியர்களுக்குப் பாட்டிமார்கள் எடுக்கிற வைவா! டஸ்கீகி போட்ட பூட்டுக்கு இதுதான் சாவி என்று எனக்குத் தோன்றுகிறது. கொலராடோவிலும் பூர்வகுடி முதியவர்களுக்காக இப்படி ஒரு மையம் நடந்தது. அதை வழிநடத்திய ஸ்பீரோ மேன்சனும் பூர்வகுடியைச் சேர்ந்தவர்.

"அப்ப அவங்கவங்க ஆளை அவங்கவங்கதான் ஆராயணுமா?"

இதை எழுதும்போது ஹாஸ்டல் ரூம்மேட் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். இல்லை என்பதே என் பதில். டஸ்கீகி ஆய்வில் அந்த விவசாயிகளை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்ட நர்ஸ் யூனிஸ் ரிவர்ஸும் கறுப்பினப் பெண்தான். ஒரே இனம் என்பதால் மட்டும் அநியாயம் நின்றுவிடவில்லை. அவரிடம் முடிவெடுக்கும் அதிகாரமும் இல்லை, அந்த விவசாயிகளுக்கு எதிர்க்கேள்வி கேட்கும் உரிமையும் இல்லை. அதனால் ஆள் மட்டும் வந்தால் போதாது. ஆளுக்குப் பயிற்சி, கையில் பணம், கேள்வியைத் தானே தேர்ந்தெடுக்கும் அதிகாரம், அளக்கப்படுகிற மக்களுக்குத் திருப்பிக் கேட்கும் உரிமை எல்லாம் சேர வேண்டும்.

"திறமை இருக்கிறவன் தானா வருவான்ல?" என்றும் கேட்டான். ஆக்சிமீட்டர் செய்தவர்கள் திறமை இல்லாதவர்களா? திறமைசாலிகள்தான். ஆனால் தன் விரலில் சரியாகக் காட்டும் மீட்டரை யார் சந்தேகப்படுவார்கள்? தப்பாகக் காட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தப்பு தெரியும். திறமைக்கு இதுவும் ஒரு பகுதிதான்.

2025-ல் நடந்தது

2025 ஜனவரியில் அங்கே புதிய அரசு பதவியேற்றதும் பன்முகத்தன்மை என்ற பெயரில் நடந்த திட்டங்களை நிறுத்தும்படி உத்தரவு வந்தது. என்.ஐ.ஹெச். ஏராளமான மானியங்களைப் பாதியில் ரத்து செய்தது. சிறுபான்மையினரின் உடல்நலத்தைப் பற்றிய ஆய்வுகளும் இளம் ஆராய்ச்சியாளர்களின் பயிற்சியும் இதில் அடிபட்டன. ஜூன் மாதம் மாசசூசெட்ஸ் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று வழக்கில் இருந்த மானிய ரத்துகள் செல்லாது என்றது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பில் பணத்தைத் திருப்பித் தரச் சொன்ன பகுதியை நிறுத்தி வைத்தது.

அரசியல் எனக்குத் தெரியாது. லேப் தெரியும். முதுமை ஆராய்ச்சி என்பது ஸ்விட்சை அணைத்துவிட்டு அடுத்த மாதம் மறுபடி போடுகிற வேலை அல்ல. 75 வயதில் பார்த்த அதே பாட்டியை 77-லும் 80-லும் பார்த்தால்தான் மறதி எப்படி வருகிறது என்று தெரியும். நடுவில் விட்ட ரீடிங்கை ரெக்கார்டு நோட்டில் காப்பி அடிக்க முடியாது! அதைவிடப் பெரிய நஷ்டம், 1997-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த நம்பிக்கை. "பார்த்தியா, பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க" என்று ஒருமுறை சொன்ன பெரியவரை மறுபடி அழைத்து வருவது லேசில் நடக்காது.

எங்க ப்ராஜெக்ட் என்ன ஆச்சு?

சார் சொன்னபடி மறுபடி ஆரம்பித்தோம். அடுத்த மூன்று சனி, ஞாயிறும் எங்கள் நாலு பேரின் ஊர்களுக்கும் போய், தாத்தா பாட்டிகள் 31 பேரிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதம் கேட்டு ரீடிங் எடுத்தோம். கை குளிர்ந்திருந்தால் சிக்னல் மிகச் சின்னதாக வருகிறது என்று அப்போதுதான் புரிந்தது. எல்.இ.டி. கரண்டைக் கூட்டினோம், சிக்னல் பலவீனமாக இருந்தால் தப்பான எண்ணைக் காட்டாமல் "மறுபடி வைக்கவும்" என்று சொல்லும்படி புரோகிராமை மாற்றினோம். அப்படியும் 6 பேரிடம் கடைசி வரை சரியாக வரவில்லை.

அந்த 6 பேரை விட்டுவிட்டு எழுதினால் ரிசல்ட் அழகாக இருக்கும் என்று எங்களில் ஒருவன் சொன்னான். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 6 பேரில் ஒருவர் எங்க அப்பாயி! ரிப்போர்ட்டில் தனி அட்டவணையாகவே போட்டோம், "இவர்களிடம் இந்தக் கருவி வேலை செய்யவில்லை" என்று. வைவாவுக்கு வந்த எக்ஸ்டெர்னல் அந்தப் பக்கத்தில்தான் அதிக நேரம் நின்றார், கேள்வியும் அதிலிருந்துதான் கேட்டார்.

நண்பர்களே, நாளை நம்மில் பலர் ஏதோ ஒரு கம்பெனியில் ஏதோ ஒரு கருவியைச் செய்வோம், சோதிப்போம், "ஓ.கே." சீல் குத்துவோம். சீல் குத்தும் முன் எங்க சார் கேட்ட கேள்வியை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பதிலில் யாராவது விட்டுப்போயிருந்தால், அவரை வெறும் விரலாக மட்டும் கூப்பிடாதீர்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு, மீட்டரை அவர் கையிலும் கொடுங்கள்.



- மூன்றாமாண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை